ரேஸ் இறங்காத புல்வெட்டி: கார்புரேட்டருக்குக் காசு கொடுக்கும் முன்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குகளுக்கு நடுவில் இருக்கும் திடல்களில் புல் வெட்டும் குழுவில் வேலை. தள்ளிக்கொண்டு போகும் இயந்திரம், நான்கு ஸ்ட்ரோக், 160 சிசி ரகம். லீவரை முயல் படத்திலிருந்து (அதிக வேகம்) ஆமைப் படத்துக்கு (குறைந்த வேகம்) கொண்டுவந்தாலும் ரேஸ், அதாவது இன்ஜின் வேகம், இறங்குவதில்லை. சில நேரம் லீவரே பாதி வழியில் இறுகி நின்றுவிடுகிறது. தொடர்ந்து மழை பெய்தபோது லாரியில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது, அதற்குப் பிறகு ஆரம்பித்தது. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பட்டர்பிளை (கார்புரேட்டருக்குள் திரும்பித் திறந்து மூடும் வட்டத் தகடு) முழுதாகத் திறந்து கிடக்கிறது. "கார்புரேட்டர் போச்சு, புதுசு வாங்கணும்" என்கிறார் சூப்பர்வைசர். அவர் சொல்வது சரியா என்பது உங்கள் கேள்வி.

இப்போதைக்குச் சரியில்லை. நீங்கள் பார்த்தது கோளாறே அல்ல. இன்ஜின் நின்றிருக்கும்போது லீவர் முயல் பக்கம் இருந்தால் பட்டர்பிளை முழுதாகத் திறந்துதான் இருக்க வேண்டும். மூடிக் கிடந்தால்தான் யோசிக்க வேண்டும். லீவர் பாதியில் இறுகுவது, மழைக்குப் பிறகு ஆரம்பித்தது ஆகிய இரண்டும் கேபிளைத்தான் காட்டுகின்றன. அதற்காகக் கேபிளை உடனே வாங்கிவிடவும் வேண்டாம். எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதை ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு 10 மி.மீ. ஸ்பேனர், ஒரு மூக்குக் குறடு இருந்தால் நீங்களே பிரித்துப் பார்த்துவிடலாம்.

அதற்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை எப்படி நிறுத்துவது என்று தெரிந்திருக்க வேண்டும். ரேஸ் இறங்காவிட்டால் கைப்பிடியோடு சேர்த்துப் பிடிக்கும் கம்பியை விடுங்கள். வீட்டு உபயோக ரகங்களில் அதை விட்டதும் இன்ஜின் நின்றுவிடும். கம்பெனிகள் வாங்கும் சில பெரிய ரகங்களில் கத்தி மட்டும் நிற்கும், இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். எது உங்களுடையது என்று இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது சுவிட்ச். அதுவும் வேலை செய்யாவிட்டால் சோக்கை (கார்புரேட்டருக்குக் காற்று வரும் வழியை அடைக்கும் தகடு) முழுதாக மூடுங்கள். காற்று கிடைக்காமல் பெரும்பாலும் அங்கேயே திணறி நின்றுவிடும். பெட்ரோல் குழாயை மூடினாலும் நிற்கும், ஆனால் கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருப்பது தீரும்வரை ஓடும். ஓடும்போது பிளக் மூடியை வெறுங்கையால் பிடுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள். ஈரக் கையில் அந்த மின்சார அடி வாங்கித் தடுமாறினால் கால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 21 அங்குலக் கத்தி நிமிடத்துக்கு 3,100 சுற்றில் ஓடினால் அதன் நுனி நொடிக்கு ஏறத்தாழ 86 மீட்டர் வேகத்தில் போகிறது, அதாவது மணிக்கு 310 கிலோமீட்டர். இந்த வகை இயந்திரங்களுக்கான அமெரிக்கத் தரநிலை கத்தி நுனிக்கு வைத்திருக்கும் எல்லை நிமிடத்துக்கு 19,000 அடி, நொடிக்குச் சுமார் 96 மீட்டர். அதே கத்தி 3,450 சுற்றைத் தொட்டாலே அந்த எல்லை வந்துவிடும். ஆமைப் பக்கம் வந்தும் ரேஸ் இறங்காமல், வழக்கமான முயல் வேகத்திலேயே ஓடினால் அது ஒரு தொல்லை, அவ்வளவுதான். இன்ஜின் வழக்கத்தைவிட அதிகமாக இரைந்தால் அது வேறு விஷயம். கவர்னரின் (வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் பாகம்) கட்டுப்பாட்டை இழந்த இன்ஜின், பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடை உடைத்துக்கொள்ளும். கத்தி தட்டிய கல் பக்கத்திலிருக்கும் கார் நிறுத்துமிடம் வரை போகும். அந்தச் சத்தம் கேட்டால் "இந்தத் திடலை மட்டும் முடிச்சுடலாம்" என்று நினைக்காமல் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சரி, பட்டர்பிளை ஏன் திறந்திருந்தது? உங்கள் குழுவில் முதுகில் மாட்டிக்கொள்ளும் புல் கட்டரும் இருக்கும். அதில் விசையை அழுத்தினால் கேபிள் நேராகக் கார்புரேட்டரை இழுக்கிறது, விட்டால் மூடிக்கொள்கிறது. கட்டர் நின்றிருக்கும்போது அதில் பட்டர்பிளை திறந்திருந்தால் அது நிஜமான கோளாறு. சூப்பர்வைசர் அந்தப் பழக்கத்தில்தான் சொல்லியிருப்பார். தள்ளு இயந்திரம் அப்படி வேலை செய்வதில்லை. இதில் உங்கள் லீவருக்கும் கார்புரேட்டருக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. லீவர் கேபிளை இழுக்கிறது, கேபிள் இன்ஜின் மேலிருக்கும் கன்ட்ரோல் பிளேட்டை நகர்த்துகிறது, அந்தப் பிளேட் ஒரு ஸ்பிரிங்கை இழுக்கிறது. ஸ்பிரிங்கின் மறுமுனை கவர்னர் கையில் மாட்டியிருக்கிறது. கவர்னர் கையிலிருந்து ஒரு மெல்லிய கம்பி போய்ப் பட்டர்பிளையைத் திருப்புகிறது.

இன்ஜினுக்குள்ளே, எண்ணெய்த் தொட்டிக்குள், கவர்னர் பல்சக்கரத்தில் சிறு எடைகள் இருக்கின்றன. இன்ஜின் வேகமெடுக்க எடுக்க அவை வெளிப்பக்கம் விரிந்து கவர்னர் கையை மூடும் திசையில் தள்ளும். ஸ்பிரிங் திறக்கும் திசையில் இழுக்கும். இரண்டுக்கும் நடப்பது கயிறு இழுப்புப் போட்டி; இரண்டும் சமமாகும் இடம்தான் நீங்கள் காதால் கேட்கும் ரேஸ். முயல் பக்கம் வைத்தால் ஸ்பிரிங்குக்குப் பலம் கூடுகிறது, ஆமைப் பக்கம் வைத்தால் குறைகிறது. இன்ஜின் நின்றிருக்கும்போது எடைகள் மடங்கிக் கிடக்கும், எதிர்த்து இழுக்க யாரும் இல்லை. ஸ்பிரிங் பட்டர்பிளையை முழுதாகத் திறந்து வைத்துவிடும். நீங்கள் பார்த்தது அதைத்தான். லீவர் ஆமையில் இருக்கும்போது பார்த்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், பட்டர்பிளை விட்ட இடத்தில் நிற்கலாம் அல்லது கொஞ்சம் மூடியிருக்கலாம். இரண்டும் சரியே.

இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஸ்பிரிங்குக்கு முன்னால் இருப்பவை லீவர், கேபிள், பிளேட். பின்னால் இருப்பவை கவர்னர் கை, கம்பி, பட்டர்பிளை. கோளாறு எந்தப் பக்கம் என்று முதலில் தெரிய வேண்டும்.

இன்ஜின் ஆறட்டும். பிளக் மூடியைக் கழற்றி, பிளக்கைத் தொடாதபடி ஒதுக்கிக் கட்டுங்கள். பெட்ரோல் குழாயை மூடுங்கள். இயந்திரத்தைச் சாய்க்க வேண்டியிருந்தால் ஏர் ஃபில்டர் பக்கம் மேலே இருக்கும்படிதான் சாய்க்க வேண்டும். மாற்றிச் சாய்த்தால் எண்ணெய் ஃபில்டரை நனைத்துவிடும், அப்புறம் புகைக்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கும். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றியதும் கைப்பேசியில் நாலைந்து படம் எடுத்துவிடுங்கள். எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் இருந்தது என்பது பிற்பாடு யாருக்கும் நினைவில் நிற்காது. கவர்னர் கையில் வரிசையாகத் துளைகள் இருக்கும். ஒரு துளை தள்ளி மாட்டினாலே ரேஸ் மாறிவிடும்.

இப்போது லீவரை முயலில் வைத்துவிட்டு, கவர்னர் கையை விரலால் மூடும் திசையில் தள்ளுங்கள். ஸ்பிரிங்கின் இழுப்பு விரலுக்குத் தெரிய வேண்டும். பட்டர்பிளை மூடுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். விட்டதும் பட்டென்று திரும்ப வேண்டும். நடுவில் எங்கேயும் சொரசொரப்போ தயக்கமோ இருக்கக் கூடாது. இது நன்றாக இருந்தால் உங்கள் கார்புரேட்டரில் ஒட்டல் இல்லை, கம்பியும் சரி. கடைக்குப் போகும் பயணம் மிச்சம்.

அடுத்து, ஒருவர் லீவரை முயலுக்கும் ஆமைக்கும் மெதுவாக நகர்த்தட்டும். நீங்கள் பிளேட்டைப் பாருங்கள். லீவர் நகர்ந்தும் பிளேட் நகராவிட்டால் கேபிள் அறுந்திருக்கிறது அல்லது அதன் உறை கிளாம்பிலிருந்து நழுவியிருக்கிறது. லீவரே இறுகினால், பிளேட்டிலிருந்து கேபிளின் வளைந்த முனையைக் கழற்றிவிட்டு இரண்டையும் தனித்தனியாக நகர்த்திப் பாருங்கள். கேபிள் இல்லாமல் பிளேட் லேசாக அசைந்து, பிளேட் இல்லாமலும் லீவர் இறுகினால் குற்றவாளி யார் என்று வேறு யாரும் சொல்லத் தேவையில்லை.

உங்கள் விஷயத்தில் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மழை இல்லாத நாளிலும் காற்றில் ஈரம் குறைவதில்லை. கேபிளின் மேல்முனை கைப்பிடியில் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கிறது. அதற்குள் இறங்கும் தண்ணீர் உறைக்குள்ளேயே ஓடி, கேபிள் தாழ்ந்து வளையும் இடத்தில் தேங்கும். அங்கேதான் துரு பிடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் உறை புதிது மாதிரி இருக்கும். இன்னொன்று, லாரியில் இடம் போதாமல் கைப்பிடியை மடக்கிப் போடுவீர்கள். மடக்கும்போது கேபிள் நடுவில் சிக்கி ஒரு முறை நெரிந்தால் போதும், அந்த இடத்தில் உள்கம்பி ஒவ்வொரு முறையும் உரசும். லீவர் எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் நெரிசல் என்றும், வழி முழுக்கக் கனமாக இருந்தால் துரு என்றும் வைத்துக்கொள்ளலாம். சைலன்சருக்குப் பக்கத்தில் போகும் கேபிளில் உறையின் பிளாஸ்டிக் உருகிக் கம்பியில் ஒட்டியிருக்கும். கையால் தடவினாலே தெரியும்.

மிக எளிய காரணம் ஒன்றும் உண்டு. கேபிள் உறையைப் பிடித்திருக்கும் கிளாம்பின் திருகாணியை யாராவது பலம்கொண்ட மட்டும் முறுக்கியிருப்பார்கள். உறை நசுங்கி உள்கம்பியைப் பிடித்துக்கொள்ளும். முதலில் அந்தத் திருகாணியை அரைச் சுற்று தளர்த்தி லீவரை அசைத்துப் பாருங்கள். இதிலேயே தீர்ந்துவிட்டால் மேற்கொண்டு எதையும் கழற்ற வேண்டாம்.

துரு என்றால் கேபிளை முழுதாகக் கழற்றி ஒரு முனை மேலே இருக்கும்படி தொங்கவிடுங்கள். மேல்முனையில் ஒரு சிறு பிளாஸ்டிக் பையின் மூலையை வெட்டி, நாடாவால் இறுக்கிக் கட்டி, அதற்குள் தையல் மிஷின் எண்ணெய் போல மெல்லிய எண்ணெய் ஊற்றுங்கள். உள்கம்பியை மேலும் கீழும் இழுத்துக்கொண்டே இருந்தால் அடியில் பழுப்பாக வடியும். தெளிவாக வடியும்வரை செய்யுங்கள். இரவு முழுக்கத் தொங்கட்டும். ஈரம் விரட்டும் ஸ்பிரே டப்பாவை அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். அது துருவை இளக்க நல்லது. ஆனால் சீக்கிரமே காய்ந்துவிடும், அடுத்த மழையில் பழையபடி இறுகும். ஸ்பிரே அடித்தாலும் அதன் மேல் எண்ணெய் விட வேண்டும். கெட்டி கிரீஸ் வேண்டவே வேண்டாம், புல்தூசியைச் சேர்த்துக் களிம்பாக்கிவிடும்.

எண்ணெய் விட்டும் லேசாகவில்லை, அல்லது கம்பி இழைகள் பிரிந்து நிற்கின்றன என்றால் மாற்றிவிடுங்கள். வாங்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். உங்கள் கேபிளின் உள்கம்பி பல இழை முறுக்கா, ஒற்றைக் கம்பியா என்று பாருங்கள். பல புல்வெட்டிகளில் ஒற்றைக் கம்பிதான், ஏனென்றால் அது இழுக்க மட்டுமின்றித் தள்ளவும் வேண்டும். முறுக்குக் கம்பி இழுக்கத்தான் உதவும், தள்ளினால் வளைந்துவிடும். சைக்கிள் கியர் கேபிள் விலை குறைவு, எங்கும் கிடைக்கிறது, 1.2 மி.மீ. கம்பி உள்ளே போய்விடுகிறது என்று மாட்டிவிடுவார்கள். முயலுக்கு நன்றாகப் போகும், ஆமைக்குத் திரும்பாது. திராட்டில் (அதாவது பட்டர்பிளை) ஒட்டுகிறது என்று மறுபடியும் கார்புரேட்டரைத்தான் பழி சொல்வார்கள். பிளேட்டில் தனியாகத் திருப்பும் ஸ்பிரிங் இருக்கும் ரகமாக இருந்தால் முறுக்குக் கம்பி போதும். பழைய கேபிளைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். உறையின் நீளம், உறைக்கு வெளியே நிற்கும் கம்பியின் நீளம், முனை வளைவு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளிலும் மோட்டார்சைக்கிள் கடைகளிலும் விசாரிக்கலாம், ஆனால் கம்பெனி இயந்திரம் என்றால் இன்ஜின் விற்பனையாளரிடம் மாடல் எண் சொல்லி வாங்குவதே நல்லது.

மாட்டும்போது வரிசை முக்கியம். லீவரை முயலின் கடைசிக்குத் தள்ளுங்கள். பிளேட்டை அதன் தடுப்புத் திருகாணியில் முட்டும்வரை நகர்த்திப் பிடியுங்கள். பிறகு உறையைக் கிளாம்பில் வைத்து, நழுவாத அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். சில இன்ஜின்களில் இதே லீவரே ஒரு கடைசியில் சோக்கையும் மறு கடைசியில் நிறுத்தும் சுவிட்சையும் இயக்கும். அவற்றில் உறை கொஞ்சம் தள்ளி நின்றாலும் சோக் முழுதாக விடாமல் கரும்புகை வரும். அல்லது லீவரை நிறுத்தத்துக்குத் தள்ளியும் நிற்காது. ஆகவே சோக் மூடுகிறதா, முழுதாகத் திறக்கிறதா, கடைசியில் சுவிட்சைத் தொடுகிறதா என்று மூன்றையும் கண்ணால் பார்த்துவிட்டே ஃபில்டர் பெட்டியை மூடுங்கள்.

பிளேட் இறுகினால் அதன் நடு அச்சைப் பாருங்கள். நட்டும் உராய்வு வாஷரும் இருக்கும். தளர்ந்தால் அதிர்வில் லீவர் தானாக நகரும், இறுக்கினால் கை வலிக்கும். இங்கே திடல்களில் படர்ந்து கிடக்கும் கௌ கிராஸ் அகல இலை, சாறு அதிகம். மழைக்கு மறுநாள் வெட்டினால் பசையாகத் தெறித்து, பிளேட்டின் அடியில் காய்ந்து கெட்டியாகிவிடும். பழைய பல்துலக்கியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போதும். வேலை முடிந்ததும் வாட்டர் ஜெட்டை எடுத்து இன்ஜின் மேலேயே அடிக்கும் பழக்கம் பல குழுக்களில் இருக்கிறது. அதுதான் மழையைவிட மோசம் என்பேன். மழை மேலிருந்து விழுகிறது. ஜெட் கேபிள் முனைக்குள், ஏர் ஃபில்டருக்குள், கார்புரேட்டர் அச்சுக்குள் தண்ணீரை ஏற்றுகிறது. கத்தித் தட்டின் அடியை ஜெட்டால் கழுவுங்கள், இன்ஜினைத் துணியாலும் தூரிகையாலும் துடையுங்கள்.

பழைய சிறு இன்ஜின்கள் சிலவற்றில் உள்ளே எடைகள் கிடையாது. ஃப்ளைவீல் விசிறியின் காற்று ஒரு தகட்டைத் தள்ளும், அந்தத் தகடுதான் பட்டர்பிளையை மூடும். அந்த வகையில் மேல்மூடிக்கு அடியில் புல் அடைத்தால் தகடு நகராது, ரேஸ் கட்டுப்பாடின்றி ஏறும். மூடியைத் திறந்து புல்லை எடுங்கள். அப்படியே சிலிண்டரின் குளிரூட்டும் விளிம்புகளுக்கு நடுவில் இருப்பதையும் எடுத்துவிடுங்கள்.

இனி கார்புரேட்டர். விரல் சோதனையில் கவர்னர் கை தயங்கினால் மட்டுமே இந்தப் பக்கம் வர வேண்டும். கம்பியைக் கழற்ற அதை வளைக்காதீர்கள். கார்புரேட்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளை எடுத்து, அதை முன்னால் இழுத்துச் சற்றுத் திருப்பினால் கம்பி தானாகத் துளையிலிருந்து வெளியே வரும். கம்பியோடு ஒட்டி ஒரு மயிரிழை ஸ்பிரிங் இருக்கலாம். ஆட்டத்தைக் குறைக்க வைத்தது அது, வேண்டாத பொருள் என்று தூக்கிப் போட்டால் ரேஸ் ஏறியிறங்கிக்கொண்டே இருக்கும். இப்போது பட்டர்பிளை அச்சைத் தனியே திருப்பிப் பாருங்கள். பிடித்தால், அச்சு உடலுக்குள் நுழையும் இரண்டு முனைகளிலும் கார்ப் கிளீனர் அடித்து, சற்று ஊறவிட்டுத் திருப்புங்கள். மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல் ஆவியாகி விட்டுப்போன பிசின்தான் பெரும்பாலும் காரணம். கிண்ணத்தின் அடியில் இருக்கும் திருகாணியைத் திறந்து பழைய பெட்ரோலையும் வடித்துவிடுங்கள். இதைத் திறந்த வெளியில், புகைக்கிறவர் யாரும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள்.

அச்சு சுத்தமாகியும் ஒரே இடத்தில் தட்டினால் பட்டர்பிளைத் தகட்டைப் பிடித்திருக்கும் சிறு திருகாணியைப் பாருங்கள். தளர்ந்தால் தகடு கோணலாகி உள்சுவரில் மாட்டிக்கொள்ளும். தகட்டை முழுதாக மூடிய நிலையில் மையத்தில் உட்காரவைத்து, இளகாத பசை ஒரு சொட்டு விட்டு முறுக்குங்கள். அந்தத் திருகாணி கழன்றால் நேராகச் சிலிண்டருக்குள்தான் போகும். அச்சே தேய்ந்து ஆடினால் அங்கிருந்து காற்று உறிஞ்சும், ஆமையிலும் ரேஸ் முழுதாக இறங்காது. கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவிலிருக்கும் கேஸ்கெட் கிழிந்தாலும் அப்படித்தான். யாராவது ஐடிலிங் (குறைந்த வேகத்தை அமைக்கும்) திருகாணியை உள்ளே முறுக்கி வைத்திருந்தாலும் அப்படித்தான். அது ஒரு ஸ்க்ரூடிரைவர் வேலை. அச்சு தேய்ந்தது உறுதியானால் அப்போது கார்புரேட்டர் வாங்குங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் நகல்களில் கம்பி மாட்டும் துளை அசலுக்கு ஒத்த இடத்தில் இல்லாமல் போகலாம். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மாட்டுங்கள், இல்லாவிட்டால் கவர்னரின் கணக்கே மாறிவிடும்.

ரேஸ் இறங்காமல் இருப்பது வேறு, ஏறி இறங்கி ஆடுவது வேறு. ஆடினால் பெரும்பாலும் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகும் நுண்துளையான சிறு ஜெட்டில் அடைப்பு. அதற்கு இந்தப் பதில் உதவாது.

கவர்னரைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அது கெடுவது அபூர்வம், கைபோட்டுக் கெடுப்பது சகஜம். எந்த நிலையில் வைத்தாலும் இன்ஜின் முழு வேகத்துக்குப் போனால் கவர்னர் கை அதன் தண்டில் நழுவியிருக்கலாம். தண்டைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்துங்கள். கையைப் பட்டர்பிளை முழுதாகத் திறக்கும் திசையில் தள்ளிப் பிடியுங்கள். தண்டை அதே திசையில், தானாக நிற்கும்வரை திருப்புங்கள். அந்த நிலையில் நட்டை முறுக்குங்கள். பல சிறு இன்ஜின்களுக்கு இதுதான் முறை, இருந்தாலும் உங்கள் மாடலின் கையேட்டில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். தண்டு எங்கும் முட்டாமல் வட்டமாகச் சுற்றினால் உள்ளே ஏதோ கழன்றிருக்கிறது. அது இன்ஜினைப் பிளக்கும் வேலை, பட்டறைக்கு அனுப்புங்கள், அதுவரை ஓட்டாதீர்கள்.

கவர்னர் ஸ்பிரிங் நீண்டுவிட்டதென்று வேறொரு ஸ்பிரிங்கை மாட்டக் கூடாது. உச்ச வேகத் திருகாணியைக் காதை நம்பித் திருப்பவும் கூடாது. தொழிற்சாலையில் அதன் மேல் பெயின்ட் பொட்டு வைத்திருப்பார்கள். அந்தப் பொட்டு உடைந்திருந்தால் யாரோ முன்பே கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். புல் உயரமாக இருக்கும் நாளில் கூடுதல் வேகம் வேண்டி இப்படிச் செய்கிறவர்கள் உண்டு. பிளக் ஒயரின் மேல் சுற்றி வைத்தாலே சுற்று எண்ணிக்கை காட்டும் சிறிய டேக்கோமீட்டர் அதிக விலை இல்லை. ஆமையில் பொதுவாக 1,400 முதல் 2,000 வரைக்கும், முயலில் கையேடு சொல்லும் உச்சத்துக்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும். உங்கள் கம்பெனியில் நாலைந்து இயந்திரம் இருந்தால் ஒன்று வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். கார்புரேட்டர் வாங்குவதைவிட நல்ல செலவு.

சூப்பர்வைசரிடம் எப்படிச் சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். "நீங்க சொன்னது தப்பு அண்ணே" என்று ஆரம்பிக்காதீர்கள். பிளேட்டிலிருந்து கழற்றிய கேபிளை அவர் கையிலேயே கொடுத்து லீவரை அசைக்கச் சொல்லுங்கள். இறுகுவது அவர் கைக்கே தெரியும். சரியாகும்வரை இயந்திரத்தில் "பழுது, ஓட்ட வேண்டாம்" என்று எழுதிக் கட்டுங்கள், படம் எடுத்துக் குழு வாட்ஸ்அப்பில் போடுங்கள். அடுத்த ஷிஃப்ட்டில் வருகிறவருக்கு எதுவும் தெரியாது. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2011 முதல் எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. கோளாறான இயந்திரத்தை அதுவும் மக்கள் நடமாடும் புளோக் அடியில் ஓட்டச் சொல்வது முதலாளிக்கும் நல்லதல்ல. இப்படி எழுதிக் கட்டியதற்காக யாரும் உங்களைக் கோபித்துக்கொண்டால், அது நீங்கள் சமாளிக்கக்கூடிய கோபம்தான்.

எல்லாம் மாட்டிய பிறகு முதல் ஓட்டத்தை ஆளில்லாத இடத்தில், கல் இல்லாத தரையில் வையுங்கள். ஆமையில் ஸ்டார்ட் செய்து சூடாகவிடுங்கள், முயலுக்கு ஏற்றுங்கள், பட்டென்று ஆமைக்கு இறக்குங்கள். இரண்டு மூன்று நொடிக்குள் ரேஸ் இறங்கி நிலையாக நிற்க வேண்டும். கைப்பிடியை மேலும் கீழும் அசைத்துக்கொண்டு ஒரு முறை, இருபுறமும் திருப்பிக்கொண்டு ஒரு முறை இதையே செய்யுங்கள். அப்போது ரேஸ் மாறினால் கேபிள் எங்கேயோ இழுபடுகிறது, அதன் பாதையை மாற்றிக் கட்டுங்கள். லாரியில் ஏற்றும்போது கைப்பிடியை மடக்கிய பிறகு கேபிள் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து, அங்கே ஒரு பிளாஸ்டிக் டை போட்டுவிடுங்கள். கேபிள் வாங்கத்தான் வேண்டும் என்று ஆனால், இன்ஜின் உடலில் பொறித்திருக்கும் மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் படமெடுத்துக்கொண்டு போங்கள். "160 சிசி" என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் கையில் அகப்பட்டதைத்தான் கொடுப்பார்.